கணிப்பொறி விளையாட்டு தடுமாறுவது ஏன்?

பழைய கணிப்பொறியில் விளையாட்டுப் படம் விட்டுவிட்டு நகர்வதைப் பார்த்திருப்பீர்கள். காரணம் என்ன?

1978-இல் ஜப்பானிய அறிஞர் நிஷிகாடோ ‘ஸ்பேஸ் இன்வேடர்ஸ்’ விளையாட்டை அமைத்தார். அதிலுள்ள 55 எதிரிகளை இண்டெல் 8080 செயலி ஒவ்வொன்றாகவே நகர்த்தியது. எதிரிகள் குறையக் குறைய, எஞ்சியவை விரைந்தன. வேலைப்பளு மிகுந்தால் வேகம் குறையும் என்பதற்கு இது சான்று.

2000-இல் வந்த பெண்டியம் 4, சூடு மிகுந்தால் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொண்டது. பின்வந்த செயலிகளும் அவ்வாறே.

ஆகவே தொடக்கத்திலேயே தடுமாறினால் படத்தின் நுணுக்க அளவைக் குறையுங்கள். சற்று நேரம் கழித்துத் தடுமாறினால், மின் இணைப்பைத் துண்டித்து, விசிறியின் தூசியை அகற்றுங்கள். தூசி, வெப்பம் வெளியேறும் வழியை அடைக்கிறது. வாய்க்காலைத் தூர் வாராமல் கடைமடைக்கு நீர் எட்டாது என்பது தஞ்சை உழவர் அறிந்ததுதானே!