தாவோ என்னும் நெறி

சீன மொழியில் ‘தாவோ’ என்பது மக்கள் நடந்து செல்லும் பாதையைக் குறித்த எளிய சொல். அதன் எழுத்து வடிவில் தலையைச் சுட்டும் உறுப்பும் நடத்தலைச் சுட்டும் உறுப்பும் இணைந்துள்ளன. நாளடைவில் அச்சொல் வாழ்வின் முறைமையையும் உணர்த்தலாயிற்று. தமிழில் ‘நெறி’ என்பது பாதையையும் ஒழுக்கத்தையும் ஒருசேரக் குறிப்பதைப் போல. ‘சொல்லுதல்’ என்னும் பொருளும் அதற்கு உண்டு.

கன்பூசியஸ் (கி.மு. 551–479) வாழ்ந்த காலம், சௌ அரசமரபு வலுவிழந்து நாடுகள் தம்முள் பொருத காலம். சிதைந்த உலகைச் சீர்செய்யும் வழி யாது என்பதே அன்றைய சான்றோரின் வினா. அவருக்குத் தாவோ, முன்னோர் வகுத்த நெறி. அன்புடைமையாலும் அறத்தாலும் சடங்கொழுக்கத்தாலும் மனிதர் பேணிக்காக்க வேண்டியது. லாவோட்சுவின் பெயரால் வழங்கும் ‘தாவோ தே ஜிங்’ என்னும் 81 இயல்கள் கொண்ட நூலிலோ, அது வானுக்கும் மண்ணுக்கும் முந்தியது, பெயரிட இயலாதது. சுவாங்ட்சுவின் நூலில், மூட்டுகளின் இடைவெளி அறிந்து மாடறுக்கும் சமையற்காரன் ஒருவனின் கத்தி 19 ஆண்டுகளாகியும் கூர் மழுங்கவில்லை. தாவோவோடு இயைந்த செயல் அத்தகையது.

இவ்விரு நெறிகளும் தொடக்கமுதலே பகைகொண்டவை என்று நெடுங்காலம் கருதப்பட்டது. வழக்கிலுள்ள நூலின் 19ஆம் இயல் அதற்குப் பெருஞ்சான்றாக நின்றது. அன்புடைமையையும் அறத்தையும் கைவிடுமாறு அது கூறுகிறது. 20ஆம் நூற்றாண்டு அறிஞர் சிலர் அந்நூல் மிகப் பிற்பட்டது என்றும் வாதிட்டனர்.

1973இல் மாவாங்துய் என்னுமிடத்தில், கி.மு. 168இல் மூடப்பட்ட கல்லறையிலிருந்து பட்டில் எழுதிய இரு படிகள் வெளிப்பட்டன. நூலின் பிற்பகுதி அவற்றில் முற்பகுதியாக அமைந்திருந்தது. 1993இல் ஹூபேய் மாகாணத்துக் குவோதியானில், ஏறத்தாழக் கி.மு. 300ஐச் சார்ந்த கல்லறையில் மூங்கிலேடுகள் கிடைத்தன. அவற்றுள் 71 ஏடுகள் இந்நூலின் பகுதிகளைக் கொண்டவை. அங்கே 19ஆம் இயலுக்கு இணையான இடத்தில் அன்புடைமை, அறம் என்னும் சொற்களே இல்லை. கைவிடத்தக்கது பாசாங்கு என்றே அவ்விடத்துக்கு ஆய்வாளர் பலர் பொருள் கொள்கின்றனர். அதே கல்லறையில் கன்பூசிய மரபின் நூல்களும் உடனிருந்தன. அவற்றைத் தேடிச் சேர்த்துப் பயின்றவர்க்கு அவை ஒன்றையொன்று விலக்கும் நெறிகளாகத் தோன்றியிரா.

ஆகவே, பிற்காலத்தார் கண்ட பகைமையின் ஒரு பகுதியேனும் படியெடுத்தோர் கையால் கூர்மை பெற்றது எனலாம். சில எழுத்துகளின் மாற்றம், ஈராயிரம் ஆண்டுக்கால வாசிப்பின் திசையையே திருப்பிவிட்டது. சொல்லைக் கையாள்வோர் நினைவிற்கொள்ளத்தக்க வரலாறு இது.