நோன்புக்கு முந்தைய வீடு சுத்தம்: தண்ணீர் நிற்கும் இடங்களை மறவாதீர்கள்

ஷஅபான் பிறந்துவிட்டால் நம் வீடுகளில் பரணில் உள்ள சாமான்கள் கீழே இறங்கும். பித்தளைப் பாத்திரங்கள் புளி போட்டு விளக்கப்படும். பாயும் தலையணையும் வெயிலுக்குப் போகும். ஒட்டடை அடித்து, தரை கழுவி, வசதிப்பட்டால் சுவருக்கு வெள்ளையும் அடித்து ரமழானை வரவேற்பது பொன்னமராவதி போன்ற நம் ஊர்களில் தலைமுறை தலைமுறையாக இருந்து வரும் நல்ல பழக்கம்.

ஆனால் இந்தச் சுத்தம் பெரும்பாலும் கூடத்தோடும் அடுப்படியோடும் முடிந்துவிடுகிறது. கொல்லையில் கிடக்கும் ஆட்டுக்கல்லையும், மாடியில் மூடியில்லாமல் நிற்கும் சின்டெக்ஸையும் யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. தூசியால் தும்மல் வரும். அந்தத் தண்ணீரால் உயிரே போகலாம்.

டெங்குவும் நம் தண்ணீர்த் தொட்டியும்

டெங்கு காய்ச்சலைப் பரப்புவது ஏடிஸ் வகைக் கொசு. சாக்கடையை விட, நாம் சேமித்து வைக்கும் தெளிந்த தண்ணீரையே அது அதிகம் நாடும். கடிப்பது பெரும்பாலும் பகலில். பெண் கொசு பாத்திரத்தின் உட்சுவரில், தண்ணீர் மட்டத்தை ஒட்டி முட்டையிடும். தண்ணீர் வற்றினாலும் அந்த முட்டை மாதக் கணக்கில் சாகாமல் ஒட்டிக்கொண்டிருக்கும். மீண்டும் தண்ணீர் பட்டதும் பொரிந்துவிடும். முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாவதற்கு ஏறத்தாழ 7 முதல் 10 நாட்கள் போதும். இந்தக் கொசு வெகுதூரம் பறப்பதும் இல்லை. நம்மைக் கடிக்கும் கொசு அநேகமாக நம் வீட்டிலோ அடுத்த வீட்டிலோ பிறந்ததுதான்.

2012ஆம் ஆண்டு தமிழகத்தில் டெங்குவுக்கு 66 பேர் பலியானதாக அரசுக் கணக்கு கூறுகிறது. 2017இல் 23 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டு 65 பேர் இறந்தனர்.

புதுக்கோட்டை வானம் பார்த்த மாவட்டம். குழாயில் தண்ணீர் வரும்போது பிடித்து வைத்தால்தான் குடும்பம் நடக்கும். ஆகவே டிரம்மும் தொட்டியும் இல்லாமல் இருக்க முடியாது. அவற்றை எப்படி வைத்திருக்கிறோம் என்பதே கேள்வி.

ஹவானா நகரின் படிப்பினை

வீடு வீடாகத் தண்ணீர்ப் பாத்திரங்களைக் கவனித்தால் ஒரு நோயையே விரட்டலாம் என்பதற்கு கியூபா நாட்டின் தலைநகர் ஹவானா சான்று. அங்கு மஞ்சள் காய்ச்சல் பல தலைமுறைகளாக மக்களைக் கொன்றுவந்தது. அதைப் பரப்புவது கொசுவே என்று கார்லோஸ் ஃபின்லே என்ற மருத்துவர் 1881இல் கூறியபோது பலரும் ஏற்கவில்லை. 1900இல் வால்டர் ரீட் தலைமையிலான அமெரிக்க ராணுவ மருத்துவக் குழு அதை நிரூபித்தது. அடுத்த ஆண்டு வில்லியம் கார்கஸ் என்ற மருத்துவ அதிகாரியின் ஆட்கள் வீடு வீடாகச் சென்று தண்ணீர்ப் பாத்திரங்களைச் சோதித்தனர். மூடாதவற்றை மூட வைத்தனர். அந்த ஒரே ஆண்டில் ஹவானாவில் மஞ்சள் காய்ச்சல் ஒழிந்தது. அங்கே பரப்பியதும் இதே ஏடிஸ் கொசுதான்.

நபி (ஸல்) அவர்கள் இரவில் பாத்திரங்களை மூடி வைக்கவும், தண்ணீர்த் தோல்பைகளின் வாயைக் கட்டவும் ஏவினார்கள். மூட எதுவும் கிடைக்காவிட்டால் பிஸ்மில்லாஹ் சொல்லி ஒரு குச்சியையாவது குறுக்கே வைக்கச் சொன்ன செய்தி, ஜாபிர் (ரலி) அவர்கள் வாயிலாக புகாரி, முஸ்லிம் நூல்களில் பதிவாகியுள்ளது. தண்ணீரைத் திறந்து போடாத பழக்கம் நம் மார்க்கம் கற்றுத் தந்தது.

எங்கெல்லாம் பார்க்க வேண்டும்?

வீட்டுக்குள்: குளிர்சாதனப் பெட்டியின் பின்புறத் தட்டு, மணி பிளான்ட் வைத்த பாட்டில், பூந்தொட்டியின் அடித்தட்டு, யாரும் பயன்படுத்தாத கழிப்பறைக் கோப்பை.

கொல்லையில்: ஆட்டுக்கல், உரல், கோழிக்குத் தண்ணீர் வைக்கும் சட்டி, கொட்டாங்குச்சி, பழைய டயர், உடைந்த வாளி, பெயின்ட் டப்பா.

மேலே: மாடித் தொட்டியின் மூடி, மாடியில் பள்ளமாக நிற்கும் தண்ணீர், இலை அடைத்த மழைநீர்த் தகரம்.

தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது. முட்டை சுவரில் ஒட்டியிருக்கும். தேங்காய் நாரோ பிரஷோ கொண்டு உட்சுவரை அழுத்தித் தேய்த்துக் கழுவி, காயவிட்டு, பிறகு நிரப்ப வேண்டும். மூடி இல்லாத டிரம்முக்கு நெருக்கமான வெள்ளைத் துணியை இறுக்கிக் கட்டலாம். கிணற்றில் கப்பி மீன் விட்டால் அது கொசுப் புழுக்களைத் தின்றுவிடும். பயன்படாத ஆட்டுக்கல்லின் குழியை மண் போட்டு மூடுவது எளிது.

பூட்டிய வீடுகளையும் மறக்கக் கூடாது. நம் பகுதியில் வளைகுடாவுக்கும் சிங்கப்பூர், மலேசியாவுக்கும் சென்றவர்களின் வீடுகள் பல மாதம் பூட்டிக் கிடக்கின்றன. முற்றம் வைத்த பழைய வீடுகளில் மழைத் தண்ணீர் உள்ளேயே இறங்கும். சாவி யாரிடம் இருக்கிறதோ, அவரே அந்த அமானிதத்தின் பொறுப்பாளர். போய்த் திறந்து பார்ப்பது பக்கத்து வீட்டுக் குழந்தைகளுக்குச் செய்யும் உபகாரம்.

வெள்ளிக்கிழமை ஒரு கால் மணி நேரம்

ரமழான் ஆண்டுதோறும் ஏறத்தாழ 11 நாட்கள் முன்னதாக வருகிறது. 2026இல் பிப்ரவரியில் தொடங்கும் நோன்பு, 2030இல் ஜனவரி முதல் வாரத்திலும் அதே ஆண்டு டிசம்பர் இறுதியிலும் தொடங்கும். ஷஅபான் சுத்தம் ஓராண்டில் வெயிலில் வரும், மற்றோர் ஆண்டில் வடகிழக்குப் பருவமழையின் நடுவே வரும். கொசுவோ மழையைப் பார்த்துத்தான் பெருகும். ஆகவே ஆண்டுக்கு ஒரு முறை செய்யும் சுத்தம் அதற்கு ஈடாகாது.

முட்டை கொசுவாக ஒரு வாரத்துக்குக் குறையாமல் ஆகிறது என்றால், வாரம் ஒரு முறை தேய்த்துக் கழுவுகிற வீட்டில் அந்தச் சங்கிலி அறுந்துவிடும். ஜும்ஆவுக்குக் குளித்துத் தயாராகும் முன் வெள்ளிக்கிழமை காலையில் கால் மணி நேரம் ஒதுக்கினால் ஆண்டு முழுவதும் மறக்காது.

இந்த வேலையைப் பெண்கள் தலையில் மட்டும் கட்டிவிடக் கூடாது. நபி (ஸல்) அவர்கள் வீட்டில் குடும்பத்தாரின் வேலைகளில் ஈடுபடுவார்கள் என்று ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்துள்ளார்கள். மாடி ஏறித் தொட்டி கழுவுவதும், டயரை அப்புறப்படுத்துவதும் வாப்பாவும் பிள்ளைகளும் செய்ய வேண்டியவை.

கழுவும்போது கவனம்

கறை போக வேண்டும் என்று பிளீச்சிங் பவுடரோடு ஆசிட்டைக் கலந்துவிடாதீர்கள். இரண்டும் சேர்ந்தால் குளோரின் என்ற நச்சு வாயு கிளம்பும். கதவடைத்த குளியலறையில் அது மூச்சையே நிறுத்திவிடலாம். ஒன்றைப் பயன்படுத்தி நன்றாகத் தண்ணீர் விட்டுக் கழுவிய பிறகே மற்றதைத் தொட வேண்டும். ஆசிட்டைக் குடிநீர் பாட்டிலில் ஊற்றி வைக்கவே கூடாது. விறகையும் செங்கல் குவியலையும் வெறுங்கையால் கலைக்காதீர்கள். தேளும் பாம்பும் அங்கேதான் ஒதுங்கும்.

கழித்த பொருட்களைக் கொல்லையில் கொளுத்த வேண்டாம். திடக்கழிவு மேலாண்மை விதிகள் அதைத் தடை செய்கின்றன. மக்கும் குப்பை, மக்காத குப்பை எனப் பிரித்துத் தூய்மைப் பணியாளரிடம் கொடுங்கள். காலாவதியான மருந்து, உடைந்த டியூப்லைட் போன்றவற்றைத் தனியே கட்டிக் கொடுத்தால் அவர் கை கிழியாது. உடுக்கத் தகுந்த துணிகளைத் துவைத்து மடித்து ஏழைகளுக்குக் கொடுங்கள். நமக்கு ஒருவர் தந்தால் முகம் சுளிப்போமே, அத்தகையதைப் பிறருக்குத் தர்மமாகக் கொடுக்கலாகாது என்பது அல்பகரா அத்தியாயத்தின் 267ஆம் வசனம் தரும் பாடம்.

காய்ச்சல் வந்துவிட்டால்

டெங்குவைக் குணப்படுத்தத் தனி மருந்து இல்லை. காய்ச்சல் கண்டதும் மருத்துவரிடம் சென்று இரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். ஆஸ்பிரின், ஐபுபுரூபன் மாத்திரைகளை நாமாக வாங்கிப் போடக் கூடாது. அவை இரத்தக் கசிவை அதிகப்படுத்தும். காய்ச்சல் இறங்கும் நாட்களே ஆபத்தான நாட்கள். கடும் வயிற்றுவலி, நிற்காத வாந்தி, ஈறில் அல்லது மூக்கில் இரத்தம், அளவுமீறிய சோர்வு ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

நோன்பு நாளில் டெங்கு கண்டால், நோன்பை விட்டுவிட்டுத் தண்ணீரும் கஞ்சியும் குடிக்கத் தயங்காதீர்கள். உடலில் நீர் குறைவது இந்த நோயில் ஆபத்தை அதிகப்படுத்தும். நோயாளி வேறு நாட்களில் நோன்பை நிறைவு செய்யலாம் என்று அல்லாஹ்வே சலுகை அளித்திருக்கிறான். அந்தச் சலுகையை ஏற்பதும் அவனுக்குக் கட்டுப்படுவதே.

இந்த ஷஅபானில் பாத்திரம் விளக்குகிற நாளிலேயே மாடித் தொட்டியையும் ஆட்டுக்கல்லையும் பாருங்கள். பிறகு வருகிற ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் பாருங்கள். நம் வீட்டுத் தண்ணீரால் அண்டை வீட்டுப் பிள்ளைக்குத் தீங்கு வராமல் காப்பது நம் கடமை.