சிலாங்கூர் ஆற்றங்கரை யார் பொறுப்பு?

சாலைகள் தோன்றாத காலத்தில் மலாயாவில் ஆறே வழி. ஆற்றின் வாயைப் பிடித்தவன் உள்நாட்டைப் பிடித்தவன் ஆவான். கோலசிலாங்கூரில் மலாவாத்தி குன்றின் மேல் கோட்டை எழுந்ததன் காரணம் இதுவே. 1784-ஆம் ஆண்டு டச்சுக்காரர் அதனைக் கைப்பற்றியதும், மறு ஆண்டே சுல்தான் இப்ராகிம் மீட்டதும் ஒரு குன்றுக்காக நடந்த போர்கள் அல்ல. மலையிலிருந்து ஓடங்களில் இறங்கிவரும் ஈயத்தின் மீது யார் வரி வாங்குவது என்பதற்காக நடந்தவை. வரி வாங்கும் உரிமை ஒருவர்க்கு இருந்தது. ஆற்றைப் பேணும் கடமை எவர்க்கும் இருந்ததாகத் தெரியவில்லை. அது பெருங்குறையும் அன்று. ஏறத்தாழ 110 கிலோமீட்டர் ஓடும் அவ்வாற்றைக் கெடுக்கும் ஆற்றல் அக்கால மனிதனுக்கு இல்லை.

அந்த ஆற்றல் பத்தொன்பதாம் நூற்றாண்டில் வந்தது. 1874-இல் சிலாங்கூரில் ஆங்கில ரெசிடெண்டு ஆட்சி ஏற்பட்டது. 1891-இல், மேக்ஸ்வெல் ரெசிடெண்டாக இருந்தபோது, நிலச் சட்டத் தொகுப்பு வந்தது. தனியார்க்கு வழங்கப்படாத நிலம் எல்லாம் அரசு நிலம் என்பது அதன் அடிப்படை. பத்திரத்தில் எழுதப்பட்ட காணிக்கு உரியவர் உண்டு, எல்லைக்கல் உண்டு, வரி உண்டு. எழுதப்படாத காடும் கரையும் சதுப்பும் என்றேனும் ஒருவர்க்கு வழங்கப்படக் காத்திருக்கும் வெற்றிடமாகவே கருதப்பட்டன. இந்தக் கருத்தின் விளைவை ஆற்றின் தலைப்பகுதியில் தெளிவாகக் காணலாம்.

கோலகுபுவில் ஒரு பழைய மண்ணணை இருந்தது. 1883-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் அது உடைந்து, அவ்வூரின் வரி அதிகாரியான செசில் ரேங்கிங் என்பவரோடு ஊர்மக்கள் பலரையும் கொண்டுபோயிற்று. அவர் ஒரு வெள்ளை முதலையைச் சுட்டதால் ஆறு சினந்தது என்னும் கதை இன்றும் அங்கே வழங்குகிறது. முதலை ஒருபுறம் இருக்கட்டும். அணை போன பின்னரும் ஈயச் சுரங்கங்கள் மலைச்சரிவுகளை நீரால் கரைத்துக்கொண்டே இருந்தன. கரைந்த மண் ஆற்றில் சேர்ந்தது. ஆற்றின் அடித்தளம் ஆண்டுதோறும் உயர்ந்தது. வெள்ளமும் மணலும் ஊருக்குள் புகுந்தன. 1926-இன் பெருவெள்ளத்திற்குப் பின் அந்த ஊர் நிலைக்காது என்பது எல்லார்க்கும் விளங்கியது. அரசினரின் நகரமைப்பு வல்லுநர் சார்லஸ் ரீட் பூங்கா நகராக வகுத்த கோலகுபு பாரு மேட்டு நிலத்தில் எழுந்தது. அழகிய ஊர், ஐயமில்லை. ஆயினும் ஒன்றை எண்ணிப் பார்த்தல் வேண்டும். சுரங்கத்திற்கு உரிமம் கொடுத்தது அரசு. சுரங்க வரி பெற்றதும் அரசு. ஊரைப் பெயர்த்ததும் அதே அரசு. ஆற்றைக் காப்பதினும் ஊரைப் பெயர்ப்பது எளிதாக இருந்தது!

ஆற்றின் கீழ்ப்பகுதியில் தோட்டங்கள் வந்தன. நம் முன்னோர் வந்ததும் அப்போதுதான். பிரெஞ்சுக்காரரான ஆன்றி போக்கோனியே 1917-இல் பத்தாங் பெர்ஜுந்தை (இன்று பெஸ்தாரி ஜெயா) அருகே நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டத்தை அமைத்தார். அதன் பெயர் தென்னமரம்! செம்பனை பிறந்த தோட்டம் தென்னையின் தமிழ்ப் பெயரால் வழங்குவது வேடிக்கையே. தாழ்நிலத்தில் பயிர் நிற்க வேண்டுமாயின் நீர் வடிய வேண்டும். அதற்கெனக் கால்வாய்களை வெட்டிய கைகளில் பெரும்பாலன நம்மவர் கைகள். அக்கால்வாய்கள் ஆற்றில் என்ன கொண்டுபோய்ச் சேர்க்கும் என்று கேட்க அவர்களுக்கு உரிமை இல்லை. தோட்டம் தனியார் நிலம். உள்ளாட்சியின் கை அதன் வேலியோடு நின்றது.

ஆற்றுக்கு வடக்கே உள்ள சதுப்புக் காட்டின் கதையும் இதுவே. இலை தழை மக்கி நெடுங்காலமாகத் திரண்ட அந்நிலம் கடற்பஞ்சு போல் நீரை உறிஞ்சிவைத்து மெல்ல விடுவது. தஞ்சோங் காராங் நெல்வயல்களுக்கு அதனால் விளையும் நன்மை பெரிது. மரம் கடத்துவதற்காக வாய்க்கால்கள் தோண்டப்பட்டபோது நீர் வடிந்தது. உலர்ந்த சதுப்பு தீப்பற்றியது. அரசு நிலமாகக் கிடந்த ராஜா மூசா காடு 1990-இல்தான் நிலையான காப்புக்காடு என அரசிதழில் அறிவிக்கப்பட்டது. 2008 முதல் வனத்துறையும் உலகச் சுற்றுச்சூழல் மையம் என்னும் அமைப்பும் ஊர்மக்களைக் கொண்டு அந்த வாய்க்கால்களை அடைத்து மரம் நட்டுவருகின்றன. அரசிதழில் ஒரு வரி பின்தங்கியதற்கு எத்தனை தீ ஈடாகியிருக்கிறது!

ஆசிரியப் பயிற்சிக் காலத்தில் நாம் அனைவரும் உத்தரமேரூர்க் கல்வெட்டைப் படித்தோம். இன்று மாணவர்க்கும் குடவோலை முறையைச் சொல்லிப் பெருமைப்படுகிறோம். அதில் நாம் விரைந்து கடந்துவிடும் ஒரு செய்தி உண்டு. முதற் பராந்தகன் காலத்து 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டின்படி தேர்ந்தெடுக்கப்பட்ட முப்பதின்மரில் பன்னிருவர் ஆண்டு வாரியத்துக்கும், பன்னிருவர் தோட்ட வாரியத்துக்கும், அறுவர் ஏரி வாரியத்துக்கும் சென்றனர். ஏரிக்கெனத் தனி வாரியம்! பதவிக்காலம் 360 நாள். முன்பு பொறுப்பேற்றுக் கணக்குக் காட்டாதவரின் பெயர் குடத்தில் இடப்படாது. அவருடைய நெருங்கிய உறவினர்க்கும் அதுவே விதி. அச்சபை நிலமுடைய பிராமணர் சபை என்பதையும், ஏரியில் மண் சுமந்தவர்க்கு அங்கே ஓலை இல்லை என்பதையும் மறைக்கலாகாது. ஆனால் ஏரி கெட்டால் யாரைக் கேட்பது என்பது அவ்வூரில் எல்லார்க்கும் தெரிந்திருந்தது. சிலாங்கூர் ஆற்றின் கரையில் நின்று அதே கேள்வியைக் கேட்போமாயின் விடை எளிதில் கிடைப்பதில்லை.

நம் கூட்டரசு அரசியலமைப்பின் ஒன்பதாம் அட்டவணை நிலம், காடு, ஆறு, உள்ளாட்சி ஆகியவற்றை மாநிலத்தின் பட்டியலில் வைத்துள்ளது. 1965-ஆம் ஆண்டின் தேசிய நிலச் சட்டத் தொகுப்பில் 62-ஆம் பிரிவு, பொதுத் தேவைக்காக அரசு நிலத்தை ஒதுக்கி அரசிதழில் அறிவிக்கும் அதிகாரத்தை மாநிலத்திற்கு அளிக்கிறது. ஆற்றங்கரை ஒதுக்கு நிலம் என்பது பெரும்பாலும் இவ்வாறு பிறப்பதே. உள்ளாட்சி மன்றமோ உரிமம் கொடுக்கும், குப்பை அள்ளும், படகுத்துறை அமைக்கும்; நிலத்தின் விதியை அது எழுதுவதில்லை. உள்ளாட்சித் தேர்தல்கள் 1965-இல் நிறுத்திவைக்கப்பட்டு, 1976-ஆம் ஆண்டின் உள்ளாட்சிச் சட்டத்தால் அடியோடு நீங்கின. மன்ற உறுப்பினர்களை மாநில அரசே நியமிக்கிறது. குடவோலையைப் பாடமாக நடத்தும் நாம் இதனையும் மாணவர்க்குச் சொல்வது நேர்மையாகும்.

1998-இல் கிள்ளான் பள்ளத்தாக்கு நீரின்றித் தவித்தது. அதன் பின்னரே ஆற்றை முழுமையாகக் காணும் எண்ணம் சட்டமாயிற்று. 1999-இல் சிலாங்கூர் நீர் நிர்வாக வாரியச் சட்டம் நிறைவேறியது. மலையுச்சி முதல் கழிமுகம் வரை ஓர் ஆற்றை ஓர் அமைப்பின் பார்வையில் வைத்தது பெரிய மாற்றம் என்றே கருதுகிறேன். அதே வேளையில் கோலகுபு பாருவுக்கு மேலே பெர்த்தாக்கில் புதிய அணை எழுந்தது. தெமுவான் பழங்குடியினரின் ஊர்கள் இடம்பெயர்ந்தன. அணையைப் பற்றி எழுந்த வாதங்களில் எதிர்பாராத ஒரு சாட்சி வந்து நின்றது. அது கீழ்க்கரையின் மின்மினி.

கோலசிலாங்கூருக்கு அருகே கம்போங் குவாந்தானில் பெரம்பாங் மரங்களில் கூடி, ஒரே தாளத்தில் ஒளிர்ந்து அணையும் அந்த மின்மினிகளைத் துடுப்புப் படகில் சென்று காண்பவர் பலர். பெரம்பாங் நன்னீரும் உப்புநீரும் கலக்கும் இடத்தில் வளர்வது. மேலே நீரைத் தேக்கினால் கீழே கடல் ஏறும், உப்பு மிகும், மரம் வாடும். அரை அங்குலமும் இல்லாத பூச்சியின் வாழ்வு, நெடுந்தொலைவு மேலே உள்ள ஒரு மதகைச் சார்ந்திருக்கிறது.

2009-இல் அந்த ஆற்றுப்பகுதி 1999-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ்க் காப்பு மண்டலமாக அறிவிக்கப்பட்டது. ஆயினும் மின்மினியின் வாழ்வில் நாம் காணும் ஒளி இறுதிப் பகுதி மட்டுமே. அதன் புழு மரத்தில் வாழ்வதில்லை. கரைக்குப் பின்னால் நிப்பாவும் சேகோப் பனையும் நிழலிடும் ஈரமண்ணில் நத்தைகளைத் தின்று வளர்கிறது. அந்த ஈரமண் எங்கும் ஒதுக்கு நிலம் அன்று. பல இடங்களில் அது பத்திரமுள்ள தனியார் காணி. அங்கே ஒருவர் வாழையோ செம்பனையோ நடுவதற்காக நிலத்தைத் துப்புரவு செய்தால் கரையோர மரங்கள் அப்படியே நிற்கும், படகும் ஓடும், மரங்களில் ஒளி மட்டும் ஆண்டுக்காண்டு குறையும். மரத்தை ஒரு சட்டமும் புழுவை ஒரு பத்திரமும் ஆள்கின்றன. நீர் வாரியம், நில அலுவலகம், உள்ளாட்சி மன்றம், காணிக்காரர், படகோட்டிகள் ஆகியோர் ஒரே மேசையில் அமர்ந்து கணக்குக் காட்டும் ஏரி வாரியம் போன்றதொரு குழு இக்கரைக்கு வேண்டும் என்பது என் கருத்து. அக்குழுவில் ஆற்றோரத் தோட்டங்களில் மூன்று தலைமுறை வாழ்ந்தவர்க்கும் ஓர் இடம் வேண்டும். அவர்கள் வெட்டிய கால்வாய்களின் நீர் இன்றும் அந்த ஆற்றில்தான் விழுகிறது.