மோட்டார் சைக்கிளில் பெட்ரோல் தீர்தல்

பெட்ரோல் தீர்ந்து மோட்டார் சைக்கிள் வழியில் நின்றால் வரும் பாதிப்பு, அது கார்புரேட்டர் வண்டியா எஃப்.ஐ. (ஃபியூயல் இன்ஜெக்ஷன்) வண்டியா என்பதைப் பொறுத்தது. இந்தியாவில் 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ். 6 மாசுக் கட்டுப்பாட்டு விதி வந்ததும் ஸ்பிளெண்டர், புல்லட் உட்படப் பெரும்பாலான வண்டிகள் எஃப்.ஐ.க்கு மாறிவிட்டன. ஆனால், 'ரிசர்வ் விழட்டும், அப்புறம் போட்டுக்கலாம்' என்ற கார்புரேட்டர் காலத்துப் பழக்கம் பலரிடம் மாறவில்லை.

கார்புரேட்டர் வண்டியில் பெட்ரோல் தன் எடையாலேயே டேங்கிலிருந்து இறங்கி மிதவைக் கிண்ணத்தில் நிரம்பும். டேங்க் வறண்டாலும் கிண்ணத்தில் இருப்பதைக் கொண்டு வண்டி சற்றுத் தூரம் போகும். பிறகு கலவையில் காற்று மிகுந்து இழுவை குறையும். ஆக்சிலேட்டரை முறுக்கினால் திக்கித் திணறும். ஓடும்போதே கையை இறக்கிக் குழாயை ரிசர்வுக்குத் திருப்புவது அப்போதுதான். ரிசர்வ் தனி டேங்க் அல்ல. குழாய்க்கு டேங்கினுள் உயரத்தில் ஒரு வாய், அடியில் ஒரு வாய். அடிவாயைத் திறப்பதே ரிசர்வ். அடியில் தங்கிய துருவும் தண்ணீரும் கூடவே இறங்கி ஜெட்டை அடைக்கலாம். மற்றபடி 4 ஸ்ட்ரோக் இன்ஜினுக்குப் பெரிய கேடில்லை. பெட்ரோலிலேயே ஆயில் கலந்து ஊற்றும் பழைய 2 ஸ்ட்ரோக் வண்டிகளில் பெட்ரோலோடு ஆயிலும் நின்றுபோவதால், வேகத்தில் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும் ஆபத்து உண்டு.

எஃப்.ஐ. வண்டியில் அடிபடுவது பம்ப். டேங்குக்குள் இருக்கும் இந்த மின்சார பம்ப், ஏறத்தாழ 3 பார் அழுத்தத்தில் இன்ஜெக்டருக்குப் பெட்ரோலைத் தள்ளுகிறது. அதன் மோட்டாரின் சூட்டைத் தணிப்பதும் உராய்வைக் குறைப்பதும் அந்தப் பெட்ரோல்தான். மட்டம் குறைந்தால் ஏற்றத்திலும் வளைவிலும் பெட்ரோல் ஒருபுறம் ஒதுங்க, பம்ப் காற்றை இழுத்துச் சூடேறும். ஒருமுறை நின்றதால் பம்ப் போய்விடாது. எப்போதும் அடிமட்டத்திலேயே ஓட்டுவதுதான் அதன் ஆயுளைக் குறைக்கும். மாற்றும் செலவோடு பார்த்தால் இந்தப் பழக்கத்தில் எந்த லாபமும் இல்லை.

நின்றுபோன வண்டியில் பிரேக் வழக்கம்போலப் பிடிக்கும். முகப்பு விளக்குக்கு இன்ஜினிலிருந்தே நேரடியாக மின்சாரம் போகும் வண்டிகளில் விளக்கு அணைந்துவிடும். இரவு நெடுஞ்சாலையில் லாரிகளுக்கு நடுவே இது உயிருக்கே ஆபத்து. கிளட்சைப் பிடித்தபடி, வேகம் இருக்கும்போதே ஓரம் ஒதுங்கிவிட வேண்டும்.

டேங்கின் நடுவே அடிப்பகுதி மேடாக இருப்பதால் குழாய் இல்லாத பக்கத்தில் கொஞ்சம் பெட்ரோல் தேங்கியிருக்கும். வண்டியைக் குழாய்ப் பக்கமாகச் சாய்த்து நிமிர்த்தினால் அது மேடு தாண்டி வரும். பங்க் அருகில் இருந்தால் போய்ச் சேர அது போதும். பெட்ரோல் ஊற்றிய பின் எஃப்.ஐ. வண்டியில் உடனே செல்ஃபை அழுத்தக் கூடாது. சாவியைத் திருப்பி, பம்ப் 'ங்ங்' என்று ஓடி அடங்கும்வரை பொறுத்து, அதையே இரண்டு மூன்று முறை செய்தால் அழுத்தம் ஏறிவிடும்.

டேங்க் மூடியின் காற்றுத் துளை அடைத்தாலும் வண்டி இதேபோலத் திணறி நிற்கும். மூடியைத் திறக்கும்போது 'உஸ்' என்று காற்று உள்ளே போய், அதன்பின் வண்டி ஓடினால் கோளாறு துளையில்தான்.