லாலா ஹர்தயாள்: கதார் இயக்கப் பணிகளும் பயணங்களும்

லாலா ஹர்தயாள் (14 அக்டோபர் 1884 – 4 மார்ச் 1939) கதார் கட்சியின் முதல் பொதுச்செயலாளர். அக்கட்சியின் பத்திரிகையைத் தொடங்கி நடத்தியவர். அமெரிக்காவின் பசிபிக் கரையில் மர ஆலைகளிலும் வயல்களிலும் கூலி வேலை பார்த்த பஞ்சாபியரும், கலிஃபோர்னியாவில் படித்துவந்த இந்திய மாணவர்களும் 1913இல் கூடி அமைத்த சங்கம் அது. ‘கதார்’ என்றால் உருதுவில் கிளர்ச்சி. ஹர்தயாள் சங்கத்துக்குள் இருந்து வேலை செய்தது ஓராண்டுக்கும் குறைவு. ஆனால் அவருடைய அலைச்சல் அதற்குப் பல ஆண்டுகள் முன்பே தொடங்கிவிட்டது.

டெல்லியில் பிறந்து லாகூரில் பட்டம் பெற்ற ஹர்தயாள், 1905இல் அரசு உதவித்தொகையுடன் ஆக்ஸ்ஃபோர்டு செயின்ட் ஜான்ஸ் கல்லூரிக்குப் போனார். ஆங்கில அரசின் பணத்தில் படிக்க மனமின்றி 1907இல் உதவித்தொகையை உதறினார். 1909இல் பாரிசில், இந்தியப் புரட்சியாளர் மேடம் காமாவின் ஆதரவில் வெளிவந்த ‘வந்தே மாதரம்’ இதழுக்கு ஆசிரியரானார். அங்கும் நிலைக்கவில்லை. அல்ஜீரியா போய், பிறகு கரீபியக் கடலிலுள்ள மார்ட்டினிக் தீவில் ஒதுங்கினார். அங்கே அவரைத் தேடிச் சென்ற ஆரிய சமாஜப் பரப்புரையாளர் பாய் பரமானந்தர், தரையில் படுத்து, வேகவைத்த தானியத்தையும் உருளைக்கிழங்கையும் உண்டு, புத்தரைப்போல் புதிய மதம் ஒன்றை நிறுவும் யோசனையில் இருந்த ஒரு துறவியைத்தான் கண்டார். அமெரிக்காவுக்குப் போகும்படி அவரைத் தூண்டியவரும் பரமானந்தரே.

1911இல் கலிஃபோர்னியா வந்த ஹர்தயாள், ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் சம்பளம் வாங்காமல் இந்தியத் தத்துவம் கற்பித்தார். அராஜகவாதிகளோடும் சோஷலிஸ்டுகளோடும் அவர் கொண்டிருந்த நெருக்கம் பல்கலைக்கழகத்துக்கு உவப்பாக இல்லை. 1912இல் பதவி விலகினார். சான் ஃபிரான்சிஸ்கோவின் அறிவுஜீவி வட்டங்களில் அவர் அப்போதே ஒரு பேசுபொருள். ஜாக் லண்டன் தம் நாவல் ஒன்றில் ‘தார் ஹயால்’ என்ற பாத்திரத்தை அவரை வைத்தே படைத்தார். செங்கொடிச் சகோதரத்துவம் என்ற பெயரில் ஒரு சிறு அமைப்பையும் அவர் நிறுவினார். அது சொத்துத் துறவு வரை உறுப்பினரிடம் எதிர்பார்த்தது. அத்தகைய சங்கம் வளராததில் வியப்பில்லை.

வளர்ந்தது வேறொன்று. ஸ்டாக்டன் பகுதியில் உருளைக்கிழங்கு பயிரிட்டுச் செல்வரான ஜுவாலா சிங், இந்திய மாணவர்கள் பெர்க்லியில் படிக்கக் குரு கோவிந்த் சிங் பெயரில் உதவித்தொகை ஏற்படுத்தினார். அதற்கான தேர்வுப் பணியில் ஹர்தயாளும் பங்கேற்றார். பஞ்சாபி விவசாயியின் பணமும் படித்த இளைஞரின் துடிப்பும் முதன்முதலில் சந்தித்த இடம் இது. சென்னை மாகாணத்திலிருந்து பெர்க்லிக்கு வந்த தரிசி செஞ்சய்யாவும் பிறகு இவ்வியக்கத்தில் சேர்ந்தார். வடக்கத்தியர் நிறைந்த கூட்டத்தில் அவர் அரிய விதிவிலக்கு. 1912 டிசம்பர் 23இல் டெல்லியில் வைசிராய் ஹார்டிஞ்ச் மீது குண்டு வீசப்பட்ட செய்தி எட்டியதும், அதைப் போற்றி ஹர்தயாள் ‘யுகாந்தர்’ சுற்றறிக்கையை எழுதினார். துறவி போய்ப் புரட்சிக்காரர் மீண்டும் வெளிப்பட்டது அதில்தான்.

1913இல் அவர் மேற்கொண்ட ஆரிகன் பயணமே எல்லாவற்றிலும் பெரிய திருப்பம். கொலம்பியா ஆற்றங்கரை மர ஆலைகளில் வேலை பார்த்த பஞ்சாபியர் ஏற்கெனவே கொதித்துப் போயிருந்தனர். 1907இல் வாஷிங்டன் மாநிலத்தின் பெல்லிங்ஹாமில் வெள்ளைத் தொழிலாளர் கும்பல் பஞ்சாபியரை அடித்து ஊரைவிட்டே விரட்டியிருந்தது. நாடில்லாதவனுக்கு எங்கேயும் மதிப்பில்லை என்ற எண்ணம் அவர்களிடம் வேரூன்றியிருந்தது. பலர் ஆங்கிலப் படையில் சேவகம் செய்து ஓய்வு பெற்ற சிப்பாய்கள். போர்ட்லண்டில் பண்டித் கான்ஷி ராம், சோகன் சிங் பக்னா போன்றோர் தொடங்கிவைத்த ஏற்பாட்டுக்கு ஒரு படித்த நாக்கும் பேனாவும் தேவைப்பட்டன. அதற்காகவே ஹர்தயாளை அழைத்தனர். ஊர் ஊராகக் கூட்டம் நடந்தது. அஸ்டோரியாவில் பசிபிக் கரை ஹிந்துஸ்தான் சங்கம் உருவானது. பக்னா தலைவர், ஹர்தயாள் பொதுச்செயலாளர், கான்ஷி ராம் பொருளாளர். அதற்கு ஒட்டியதே கதார் கட்சி என்ற பெயர்.

சங்கத்தின் விதிகள் கவனிக்கத்தக்கவை. உறுப்பினர் மாதம் ஒரு டாலர் தர வேண்டும். மதம் அவரவர் சொந்த விஷயம்; சங்கத்துக்குள் அதைப் பற்றி விவாதம் கூடாது. சீக்கியரும் இந்துக்களும் முஸ்லிம்களும் ஒரே அடுப்பில் சமைத்து உண்ட சான் ஃபிரான்சிஸ்கோ தலைமையகம், ஹில் தெரு 436ஆம் எண் வீட்டில் ‘யுகாந்தர் ஆசிரமம்’ என்ற பெயரில் இயங்கியது. முழுநேர ஊழியருக்குச் சாப்பாடு, துணிமணி, கைச்செலவுக்குச் சிறு தொகை உண்டு; சம்பளம் கிடையாது.

1 நவம்பர் 1913 அன்று ‘கதார்’ வார இதழ் உருதுவில் வெளிவந்தது. விரைவில் குர்முகியிலும் வந்தது. தலையங்கமும் கட்டுரையும் ஹர்தயாளுடையவை. பதினெட்டு வயது நிரம்பாத கர்த்தார் சிங் சராபா கையால் சுழற்றும் அச்சு இயந்திரத்தோடு மல்லுக்கட்டினார். ஆங்கில ஆட்சியின் கணக்கு வழக்கைப் பதினான்கு குறிப்புகளில் பட்டியலிடும் பகுதி இதழ்தோறும் இடம்பெற்றது. வேலைக்கு ஆள் தேவை என்ற பாணியிலும் ஒரு விளம்பரம் வந்தது: வேலை இந்தியாவில் புரட்சி, சம்பளம் மரணம், ஓய்வூதியம் விடுதலை. பழைய சிப்பாய்களுக்குப் பழகிய மொழியைத் திருப்பிப் போட்ட இந்த உத்தி, எந்தச் சித்தாந்தக் கட்டுரையையும்விட வேகமாகப் பரவியது.

ஆங்கில உளவாளிகளின் அழுத்தம் பலித்தது. 1914 மார்ச் இறுதியில் அமெரிக்கக் குடிவரவுத் துறை ஹர்தயாளை அராஜகவாதி என்று கைதுசெய்தது. பிணையில் வெளிவந்தவர் சுவிட்சர்லாந்துக்கு நழுவினார். பத்திரிகைப் பொறுப்பு தோழர் ராம் சந்திராவிடம் வந்தது. சில மாதங்களில் முதல் உலகப் போர் மூண்டதும் ஆயிரக்கணக்கான கதார்காரர்கள் ஊர் திரும்பினர்; 1915 பிப்ரவரியில் திட்டமிட்ட எழுச்சி காட்டிக்கொடுக்கப்பட்டது. சராபா 16 நவம்பர் 1915 அன்று லாகூரில் தூக்கிலிடப்பட்டபோது வயது பத்தொன்பது.

ஹர்தயாள் அப்போது ஐரோப்பாவில். செண்பகராமன் பிள்ளை உள்ளிட்ட இந்தியப் புரட்சியாளர்கள் இயங்கிய பெர்லின் குழுவில் சேர்ந்து, இஸ்தான்புல்லுக்கும் போய்வந்தார். ஜெர்மானியரின் அதிகாரத் தோரணை அவருக்குக் கசந்தது. போர் முடிந்ததும், ஆங்கில ஆட்சியே மற்றவற்றைவிட மேல் என்று பகிரங்கமாக எழுதி, ஜெர்மனியிலும் துருக்கியிலும் கழித்த நாற்பத்து நான்கு மாதங்களைப் பற்றி 1920இல் நூலும் வெளியிட்டார். சிறையிலும் அந்தமானிலும் கிடந்த பழைய தோழர்களுக்கு இது எப்படிப் பட்டிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

ஸ்வீடனில் பல ஆண்டுகள் வாழ்ந்து, 1930இல் லண்டன் பல்கலைக்கழகத்தில் போதிசத்துவர் கோட்பாடு குறித்த ஆய்வுக்கு முனைவர் பட்டம் பெற்றார். பிற்கால நூல்களில் பரவலாக வாசிக்கப்பட்டது 1934இல் வந்த சுயகல்விக் கையேடு. இந்தியா திரும்ப ஆங்கில அரசு 1938இல் அனுமதி தந்தது. அதைப் பயன்படுத்துமுன், அமெரிக்காவில் சொற்பொழிவுகள் நிகழ்த்திக்கொண்டிருந்தபோது பிலடெல்பியாவில் காலமானார். கதார் கட்சி அவருக்குப் பின்னும் நீடித்து, விடுதலைக்குப் பிறகே கலைந்தது. சான் ஃபிரான்சிஸ்கோ வுட் தெருவிலிருந்த அதன் கட்டடம் இந்திய அரசிடம் ஒப்படைக்கப்பட்டு, இன்று கதார் நினைவகமாக உள்ளது.