ராக்கபில்லி: வசைச்சொல்லில் பிறந்த இசை

ராக்கபில்லி என்பது 1950களின் நடுவில் அமெரிக்காவின் தென்மாநிலங்களில் உருவான இசைவகை. 'ராக் அண்ட் ரோல்' என்பதன் முதற்சொல்லும் 'ஹில்பில்லி' என்பதன் பின்பாதியும் ஒட்டி இப்பெயர் பிறந்தது. அப்பலாச்சிய மலைப்பகுதியிலும் அதைச் சுற்றியும் வாழ்ந்த ஏழை வெள்ளையரை இகழ நகரத்தார் வழங்கிய சொல் ஹில்பில்லி. பட்டிக்காட்டான் என்பது போன்ற வசை. 1920களில் இசைத்தட்டு நிறுவனங்கள் அம்மக்களின் பாட்டையும் அந்தப் பெயரிலேயே விற்றன. கறுப்பின மக்களின் பாட்டுக்கு 'ரேஸ் ரெக்கார்டு' என்று பெயர். 1949இல் பில்போர்டு இதழ் தன் விற்பனைப் பட்டியல்களில் இவற்றை முறையே 'கன்ட்ரி அண்ட் வெஸ்டர்ன்', 'ரிதம் அண்ட் ப்ளூஸ்' என மாற்றியது. பெயர்கள் மாறினாலும் இனவாரியான பிரிவு அப்படியே நின்றது.

பள்ளி, பேருந்து, உணவகம் எல்லாவற்றிலும் இரு இனத்தாரையும் சட்டம் பிரித்து வைத்திருந்த காலம் அது. காதுகளைப் பிரிக்க அந்தச் சட்டத்தால் முடியவில்லை. டென்னசியின் டிப்டன்வில் அருகே வாரத்துக்குப் பயிரிட்ட ஏழைக் குடும்பத்தில் 1932இல் பிறந்தவர் கார்ல் பெர்க்கின்ஸ். பகலில் பருத்தி எடுக்கும்போது கறுப்பினத் தொழிலாளர் பாடிய பாட்டு அவர் காதில் விழுந்தது. சனிக்கிழமை இரவுகளில் நாஷ்வில் வானொலியின் 'கிராண்ட் ஓல் ஆப்ரி' நிகழ்ச்சியில் கன்ட்ரி இசை கேட்டார். கிட்டார் வாசிப்பை அவருக்குச் சொல்லிக்கொடுத்தவர், அதே வயல்களில் உழைத்த ஒரு கறுப்பின முதியவர். இப்படி வளர்ந்த தலைமுறைக்கு இரண்டு இசையும் சொந்த இசையாகவே இருந்தன.

இந்தக் கலப்புக்கு முன்னோடிகள் உண்டு. டெக்ஸாஸ் பக்கத்தில் பாப் வில்ஸ், கன்ட்ரி இசையையும் ஜாஸையும் இணைத்து 'வெஸ்டர்ன் ஸ்விங்' வாசித்தார். டெல்மோர் சகோதரர்கள் 1940களில் 'ஹில்பில்லி பூகி' பாடினர். 1951இல் பில் ஹேலி, 'ராக்கெட் 88' என்ற ரிதம் அண்ட் ப்ளூஸ் பாட்டைத் தன் கன்ட்ரி குழுவுடன் பதிவு செய்தார்.

கலப்பு தனி வடிவம் பெற்ற இடம் மெம்பிஸ் நகரம். 1950 ஜனவரியில் சாம் ஃபிலிப்ஸ் அங்கே 706, யூனியன் அவென்யூவில் ஒரு சிறிய ஒலிப்பதிவுக்கூடம் திறந்தார். 'ராக்கெட் 88' முதலில் பதிவானது அங்குதான். பி. பி. கிங், ஹௌலின் உல்ஃப் போன்ற ப்ளூஸ் கலைஞர்களைப் பதிவு செய்த அவர், 1952இல் சன் ரெக்கார்ட்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினார்.

1954 ஜூலை 5 அன்று, 19 வயது எல்விஸ் பிரெஸ்லி, கிட்டார் கலைஞர் ஸ்காட்டி மூர், பேஸ் கலைஞர் பில் பிளாக் ஆகியோர் அங்கே கூடினர். அதுவரை பாடியவை எதுவும் எடுபடவில்லை. இடைவேளையில் எல்விஸ், ஆர்தர் குருடப் என்ற கறுப்பினப் பாடகரின் 'தட்ஸ் ஆல் ரைட்' பாட்டைத் துள்ளலாகப் பாடத் தொடங்க, மற்ற இருவரும் சேர்ந்துகொண்டார்கள். ஃபிலிப்ஸ் தேடிய ஒலி அதுவே. இசைத்தட்டின் மறுபக்கத்தில் பில் மன்றோவின் 'ப்ளூ மூன் ஆஃப் கென்டக்கி' என்ற கன்ட்ரி பாட்டு வேகம் கூட்டிப் பதிவானது. ஒரே தட்டின் இரு பக்கங்களில் இரு மரபுகளும் இடம்பெற்றன. மெம்பிஸ் வானொலியில் எல்விஸைப் பேட்டி கண்ட டூயி ஃபிலிப்ஸ், எந்தப் பள்ளியில் படித்தார் என்று கேட்டார். பாடியவர் வெள்ளையர் என்பதை நேயர்களுக்கு உணர்த்தவே அந்தக் கேள்வி.

அந்தப் பதிவில் டிரம்ஸ் கிடையாது. தாளத்தைத் தாங்கியது ஆளுயரப் பேஸ். அதன் கம்பியை விரலால் இழுத்து விட்டால் கட்டையில் பட்டுச் சட்டெனத் தெறிக்கும். அடுத்த நொடியே உள்ளங்கை கம்பிகளின் மேல் அறையும். 'ஸ்லாப் பேஸ்' எனப்படும் இந்த வாசிப்பு, சுதியையும் தாளத்தையும் ஒருசேரத் தந்தது. இன்னோர் அடையாளம் 'ஸ்லாப்பேக்' எதிரொலி. பதிவாகும் ஒலியை சாம் ஃபிலிப்ஸ் இரண்டாவது நாடாக் கருவி ஒன்றின் வழியே செலுத்தினார். பதிவு முனையிலிருந்து ஒலிக்கும் முனைக்கு நாடா நகர நொடியில் சிறு பின்னம் பிடிக்கும். அவ்வளவு தாமதத்தில் திரும்பி வந்த ஒலி மூலக்குரலோடு கலந்தபோது, மூன்றே பேரின் வாசிப்பு அறை நிறைய அதிர்ந்தது.

1955 இறுதியில் ஆர்சிஏ விக்டர் நிறுவனம் எல்விஸின் ஒப்பந்தத்தை 35,000 டாலருக்கு வாங்கியது. அடுத்த ஆண்டு பெர்க்கின்ஸின் 'ப்ளூ ஸ்வேட் ஷூஸ்' பாப், கன்ட்ரி, ரிதம் அண்ட் ப்ளூஸ் என மூன்று பட்டியல்களிலும் முன்வரிசையைப் பிடித்தது. ஜானி கேஷ், ஜெர்ரி லீ லூயிஸ், ராய் ஆர்பிசன் ஆகியோரும் சன் நிறுவனத்தில் எழுந்தவர்களே. வெளியே ஜீன் வின்சென்ட், எடி காக்ரன், பட்டி ஹாலி புகழ்பெற்றனர். வாண்டா ஜாக்சனும் ஜானிஸ் மார்ட்டினும் பெண்குரலை இதில் நிலைநாட்டினர். ராக்கபில்லி என்ற பெயரில் பழைய வசை ஒலிப்பதாகச் சில கலைஞர்கள் வருந்தியதும் உண்டு.

முதல் அலை சில ஆண்டுகளே நீடித்தது. 1958இல் எல்விஸ் ராணுவத்துக்குப் போனார். 1959இல் ஹாலி விமான விபத்திலும், 1960இல் காக்ரன் கார் விபத்திலும் இறந்தனர். ஆனால் இங்கிலாந்தில் இந்த இசைக்கு ரசிகர்கள் குறையவில்லை. பீட்டில்ஸ் குழுவினர் பெர்க்கின்ஸின் பாடல்களைப் பதிவு செய்தனர். 1980இல் நியூயார்க் பகுதியிலிருந்து லண்டன் சென்ற ஸ்ட்ரே கேட்ஸ் குழு, ராக்கபில்லியை மீண்டும் விற்பனைப் பட்டியல்களில் ஏற்றியது.

இந்த வரலாற்றில் நேராகாத கணக்கு ஒன்று உண்டு. எல்விஸின் முதல் இசைத்தட்டுக்குப் பாட்டைத் தந்த குருடப், தன் பாடல்களுக்கு உரிய பங்கு முழுவதும் கைக்கு வராமலே 1974இல் இறந்தார். ராக்கபில்லியைப் போற்றுவோர் எல்விஸின் பெயருக்குப் பக்கத்தில் அவர் பெயரையும் சொல்ல வேண்டும்.