வளைந்த அம்பு

ஆர்கானிக் கெமிஸ்ட்ரியில் இரண்டாம் செமஸ்டர் என்றால் கார்பனைல் என்று அர்த்தம். ஆல்கேன், ஆல்கீன், ஹாலைடு என்று முதல் செமஸ்டரில் நிதானமாகப் போய்க்கொண்டிருந்த பாடம், ஆல்டிஹைடும் கீட்டோனும் வந்ததும் ஆட்களின் பெயர்களால் நிரம்பிவிடும். கானிசாரோ, பெர்கின், கிளெய்சன், மைக்கேல், விட்டிக். நான் படித்த கல்லூரியில் இதற்கென்றே ‘நேம் ரியாக்‌ஷன்’ நோட்டு ஒன்று உண்டு. இடது பக்கம் பெயர், வலது பக்கம் சமன்பாடு. பரீட்சைக்கு முந்தின ராத்திரி ஹாஸ்டல் மொட்டை மாடியில் நடந்தபடி ஒருவருக்கொருவர் ஒப்பிப்போம். “மெக்கானிசம் கேட்டா என்னடா பண்றது?” “அதையும் கடம் அடிச்சிரு, அஞ்சு மார்க்.” எலக்ட்ரான் நகர்வதைக் காட்டும் அந்த வளைந்த அம்புகளைக்கூட, கோலப் புத்தகத்தைப் பார்த்துக் கோலம் போடுவதைப் போலத்தான் வகுப்பே போட்டுக்கொண்டிருந்தது.

அந்த அம்பின் வரலாறு தெரிந்தால் இது எவ்வளவு விசித்திரம் என்பது புரியும். நோட்டில் உள்ள நூறு வினைகளை நாலைந்து வினைகளாகச் சுருக்கித் தருவது அந்த அம்புதான்.

கதையை 1903இல் தொடங்கலாம். எலக்ட்ரானை ஜே.ஜே. தாம்சன் கண்டறிந்து ஆறு வருஷம்தான் ஆகியிருந்தது. அணுக்களைப் பிணைப்பது எலக்ட்ரான் ஜோடி என்று லூயிஸ் சொல்ல இன்னும் பதின்மூன்று வருஷம் இருந்தது. அந்த இடைவெளியில் ஆர்தர் லாப்வொர்த் என்ற வேதியியலாளர் எளிமையான ஒரு சோதனை செய்தார். கேம்ஃபர்குவினோன் என்ற மஞ்சள் நிறக் கீட்டோனோடு ஹைட்ரஜன் சயனைடு சேரும்போது மஞ்சள் நிறம் மறையும். அதனால் வினை எவ்வளவு வேகமாக நடக்கிறது என்பதைக் கண்ணாலேயே பார்த்துவிடலாம். அமிலம் சேர்த்தால் நிறம் போக நாட்கணக்கானது. ஒரு துளி காரம் விட்டால் நொடிகளில் போய்விட்டது. அமிலம் தடுக்கிறது, காரம் முடுக்குகிறது என்றால், கார்பனைலை முதலில் தொடுவது ஹைட்ரஜனாக இருக்க முடியாது, எதிர்மின்சுமை கொண்ட சயனைடாகத்தான் இருக்க வேண்டும். ஒரு கரிம வினை எந்த வரிசையில் நடக்கிறது என்று இப்படிச் சோதனை வழியாக யோசித்துச் சொன்ன முதல் முயற்சிகளில் இது ஒன்று.

இந்த யோசனைக்கு ஒரு குறி தேவைப்பட்டது. 1922இல் வில்லியம் கெர்மாக், ராபர்ட் ராபின்சன் இருவரும் சேர்ந்து எழுதிய கட்டுரையில் அது வந்தது. எலக்ட்ரான் ஜோடி எங்கிருந்து எங்கே நகர்கிறது என்பதைக் காட்ட அவர்கள் வளைந்த அம்பைப் பயன்படுத்தினார்கள். ராபின்சன் பின்னாளில் நோபல் பரிசு வாங்கியவர், எல்லாப் பாடப்புத்தகத்திலும் இருக்கிறார். கெர்மாக்கைக் கெமிஸ்ட்ரி மாணவர்கள் கேள்விப்படுவதில்லை. 1924இல் எடின்பரோ ஆய்வகத்தில் நடந்த விபத்தில் காரம் தெறித்து அவருடைய இரண்டு கண்களும் போயின. அப்போது அவருக்கு வயது 26. அதன் பிறகு அவர் கணிதத்தின் பக்கமும் திரும்பினார். மெக்கெண்ட்ரிக்கோடு சேர்ந்து 1927இல் கொள்ளைநோய் பரவும் விதத்துக்குச் சமன்பாடுகள் எழுதினார். அவற்றைச் சரிபார்க்க எடுத்துக்கொண்டது பம்பாய் பிளேக் சாவுக் கணக்கை. கொரோனா காலத்தில் நாம் தினமும் பார்த்த ஏறி இறங்கும் வளைகோடுகளுக்கு மூலம் அந்தக் கட்டுரைதான்.

ராபின்சன் அதே 1922இல் மான்செஸ்டருக்கு வந்தார். லாப்வொர்த் ஏற்கெனவே அங்கே பேராசிரியர். அந்தச் சமயத்தில் மான்செஸ்டருக்குப் போய் ராபின்சனிடம் ஆய்வு செய்தவர்களில் நம்மூர்க்காரர்கள் இருவர் உண்டு. ஒருவர் குளித்தலையில் பிறந்த டி.ஆர். சேஷாத்ரி, பின்னாளில் டெல்லி பல்கலைக்கழகத்தில் பெரிய ஆய்வுக்கூடத்தை உருவாக்கியவர். இன்னொருவர் சென்னையில் பிறந்த கே. வெங்கடராமன், பின்னாளில் புனே தேசிய ரசாயன ஆய்வுக்கூடத்தின் முதல் இந்திய இயக்குநர். அம்பு பிறந்து மை காய்வதற்குள் அதைப் போட்டவரிடமே கெமிஸ்ட்ரி கற்றவர்கள் இவர்கள்.

ஊர் திரும்பிய வெங்கடராமன் லாகூரில் வேலை பார்த்தார். அங்கே மஹாலோடு சேர்ந்து செய்த ஒரு வினையை 1933–34இல் வெளியிட்டார். ஆக்ஸ்ஃபோர்டில் வில்சன் பேக்கரும் 1933இல் தனியாக அதே வினையை வெளியிட்டார். அவரும் மான்செஸ்டரில் படித்தவர்தான். இன்று அது பேக்கர்–வெங்கடராமன் இடமாற்றம். செடிகொடிகளின் மஞ்சள் நிறமிகள் பலவும் சேர்ந்த ஃபிளேவோன் குடும்பத்தைச் செயற்கையாகத் தயாரிக்க இது நல்ல வழி.

வினையைக் கொஞ்சம் அருகில் போய்ப் பார்க்கலாம். பென்சீன் வளையத்தில் பக்கத்துப் பக்கத்தில் ஒரு கீட்டோனும் ஒரு எஸ்டரும் இருக்கின்றன. காரம், கீட்டோனை ஒட்டிய கார்பனிலிருந்து ஒரு புரோட்டானை எடுக்கிறது. அந்தக் கார்பனில் இப்போது எலக்ட்ரான் மிகுதி. எஸ்டரின் கார்பனைல் கார்பனிலோ எலக்ட்ரான் குறைவு, ஆக்சிஜன் இழுத்து வைத்திருக்கிறது. மிகுந்த இடத்திலிருந்து குறைந்த இடத்துக்கு ஒரு அம்பு. அசைல் தொகுதி ஆக்சிஜனை விட்டுக் கார்பனுக்கு மாறிவிடுகிறது. இதில் பெயரை மறைத்துவிட்டால் எஞ்சுவது கிளெய்சன் வினைதான், ஒரே மூலக்கூறுக்குள் நடக்கிறது, அவ்வளவே. எஸ்டருக்குப் பதில் ஆல்டிஹைடு இருந்தால் ஆல்டால். நோட்டில் மூன்று பக்கம், உண்மையில் ஒரே அம்பு. எங்கள் சீனியர் ஒருவர் இதைத்தான் டீக்கடையில் சொன்னார்: “கார்பனைல்னா பசிச்ச கார்பன்டா. யாரு கையில சோறு இருக்குன்னு மட்டும் பாரு.”

அம்பு மட்டும் போதும் என்றும் சொல்ல முடியாது. தாளில் எந்த அம்பையும் வரைந்துவிடலாம், மூலக்கூறு அதற்குக் கட்டுப்படாது. எது நடக்கிறது என்பதை வேகத்தை அளந்துதான் நிறுவ வேண்டும். லாப்வொர்த் மஞ்சள் நிறத்தை வைத்துச் செய்ததை, 1930களில் கிறிஸ்டோஃபர் இங்கோல்டும் எட்வர்ட் ஹியூஸும் பெரிய அளவில் செய்தார்கள். நியூக்ளியோஃபைல், எலக்ட்ரோஃபைல் என்று நாம் சொல்லும் சொற்கள் இங்கோல்ட் கொடுத்தவை. தன் கருத்துகளுக்கு உரிய மதிப்பு தனக்கு வரவில்லை என்ற வருத்தம் ராபின்சனுக்குக் கடைசிவரை இருந்தது.

இன்று நம் பாடத்திட்டங்களில் வெங்கடராமனும் மனப்பாடம் செய்ய வேண்டிய இன்னொரு பெயர். மாணவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ‘பேக்கர்–வெங்கடராமன், சிறுகுறிப்பு வரைக’ என்று கேட்டால் பிள்ளைகள் ஒப்பிக்கத்தான் செய்வார்கள். கேள்வியை மாற்றிப் பார்க்கலாம். இதுவரை பார்த்தே இராத ஒரு மூலக்கூறைக் கொடுத்து, ஒரு துளி காரம் விட்டால் என்ன ஆகும் என்று கேட்கலாம். தெரிந்தவர்களின் பிள்ளைகள் இரண்டாம் செமஸ்டர் நோட்டோடு என்னிடம் வரும்போது அதைத்தான் செய்கிறேன். முதல் நாள் முழிப்பார்கள். ஒரு வாரத்தில் அம்பு தானாக வளையத் தொடங்கும்.